வளர மறுத்த செல்களும் இருக்கன்குடித் திருநீறும்

1

போன வாரம் சுங்க அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்தியாவிலிருந்து உங்கள் பெயருக்குப் பெட்டி ஒன்று வந்திருக்கிறது, உள்ளே இருப்பது என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை, நேரில் வந்து விளக்குங்கள் என்று எழுதியிருந்தார்கள். நான் ஜெர்மனிக்கு வந்து பதினைந்து வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அரசாங்க உறை ஒன்று தபால்பெட்டியில் கிடந்தால், என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் பிரிப்பேன்.

அங்கே நடுத்தர வயது அதிகாரி ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியை என் முன்னால் திறந்தார். முதலில் காராச்சேவுப் பொட்டலம் வந்தது. தின்பண்டம் என்றேன், ஒதுக்கி வைத்தார். அடுத்து வெள்ளைத்தாளில் மடித்த ஒரு பொடி.

"இது என்ன?"

"சாம்பல்."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "யாருடைய சாம்பல்?"

எனக்கு ஒரு நொடி கழித்துத்தான் அவர் என்ன நினைக்கிறார் என்று உறைத்தது. "ஐயோ, மனிதருடையது இல்லை. மாட்டுச் சாணத்தை எரித்த சாம்பல்" என்றேன். இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். கோயிலில் தருவது, நெற்றியில் பூசுவோம் என்று நெற்றியைத் தொட்டுக்காட்டிய பிறகு இருவர் முகமும் கொஞ்சம் தெளிந்தது. கடைசியாக ஒரு மஞ்சள் துணியில் காய்ந்த வேப்பிலைக் கொத்து.

"இது மருந்தா?" என்று கேட்டார். மருந்து என்றால் அதற்குத் தனிப் பிரிவாம், தனி அனுமதியாம்.

இதே கேள்விக்குத்தான் இந்தச் சித்திரை மாதத்தில் எங்கள் குடும்பம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் தேடியது.

2

பெட்டியை அனுப்பியவள் செல்வராணி, என் தம்பி முத்துராஜின் மனைவி. திருத்தங்கலில் இருக்கிறார்கள். தம்பி அச்சகங்களுக்குப் பேப்பர் லோடு ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். அவள் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தாள். எங்கள் ஐயாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். தம்பி வண்டியின் ஓட்டுநர் இருக்கைக்கு வந்ததும், நான் இங்கே வந்ததும் அவர்கள் இருவரும் கண்ணால் பார்க்காத விஷயங்கள்.

தம்பிக்கு ஒரே மகள், தர்ஷினி. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சல் விடாமல் அடித்தது. உடம்பெல்லாம் நீலம் நீலமாகக் கன்றிய தடம். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகை, பெரும்பாலும் குணமாகக்கூடியது, ஆனால் வைத்தியம் வருடக்கணக்கில் நீளும் என்றும் சொன்னார்கள். குணமாகும் என்ற வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். செல்வராணி இருக்கன்குடி மாரியம்மனைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் கட்ட வைத்தியம் முடிந்து, நோய் அடங்கி, பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். அதன்பிறகும் மாத்திரைகள் தொடர்ந்தன. மாதம் ஒருமுறை சில நாளைக்கு ஸ்டீராய்டும் உண்டு. அந்த நாட்களில் தர்ஷினிக்கு வரும் பசியைக் கேட்டால் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும். காலையில் கண் விழித்ததும் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா வேண்டும் என்பாள். இல்லையென்றால் தலையணையைப் பிய்ப்பாள். முகம் உப்பி உருண்டையாகிவிடும். தெருவில் பார்ப்பவர்கள், "ஒம் மக நல்லா தேறிட்டாளே" என்பார்கள். செல்வராணி உள்ளே போய்விடுவாள்.

ஒருநாள் போனில் அவள் என்னிடம் கேட்டாள்.

"மதினி, பிள்ளை வயித்துல இருக்கையிலயும் நான் வெடிக்குத் திரி சொருகிட்டுத்தான் இருந்தேன். மருந்து கையில படத்தான செய்யும். அதுனாலயா இவளுக்கு வந்துச்சு?"

எங்கள் ஊரில் மருந்து என்றால் முதலில் வெடிமருந்துதான். நான் உண்மையைச் சொன்னேன். ஏன் வருகிறது என்று பெரும்பாலும் யாராலும் சொல்ல முடியாது, உன்னால் வந்தது என்று ஒரு டாக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன் என்றேன். சரி மதினி என்று வைத்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை.

3

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் என்னை விஞ்ஞானி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது. நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்பவள். ஆடு மாடு வளர்ப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது என்பதுபோல் எனக்கும் கிடையாது. செல்லுக்கும் பசிக்கும்.

நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. பிறந்ததும் வேலைக்குப் போய்விடுவதில்லை. படிப்படியாக வளர்ந்து, உருமாறி, அதன்பிறகே கிருமியைப் பிடிக்கும் தகுதியைப் பெறுகின்றன. ரத்தப் புற்றுநோயில் இந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. வளராத செல்கள் வேலையும் செய்யாமல், சாகவும் செய்யாமல், தங்களைப் போலவே இன்னும் ஆயிரமாயிரம் பேரைப் பெருக்கிக்கொண்டு இடத்தை அடைத்துக்கொள்கின்றன. வழக்கமான வைத்தியம் அவற்றைக் கொல்கிறது. எங்கள் கூடத்தில் கேட்கும் கேள்வி வேறு. நின்ற இடத்திலிருந்து அவற்றை மறுபடி வளரவைக்க முடியுமா?

எலியின் ரத்தப் புற்றுநோயிலிருந்து எடுத்து வளர்த்துவரும் ஒரு வகைச் செல்லில் இது நடக்கிறது. ஸ்டீராய்டு ஹார்மோனை மிகச் சிறிய அளவில் சேர்த்துவிட்டுச் சில நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை திரவத்தில் உருண்டையாக மிதந்த செல்கள் கீழே இறங்கித் தட்டின் தரையைப் பிடித்துக்கொள்கின்றன. உருவம் மாறுகிறது. பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. பக்கத்தில் கிருமியைப் போட்டால் விழுங்குகின்றன, நல்ல வெள்ளை அணு செய்வதைப் போலவே. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, எனக்கு முந்தைய தலைமுறை பார்த்தது. ஏன் சில செல்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன, சில கேட்பதில்லை என்பதைத்தான் நாங்கள் தேடுகிறோம். மனிதரில் ஒரே ஒரு வகை ரத்தப் புற்றுநோயில் விட்டமின் ஏ-யின் உறவுக்கார மருந்து ஒன்று இந்த வளரவைக்கும் வேலையை அழகாகச் செய்கிறது. ஸ்டீராய்டு இன்னும் எங்கள் தட்டோடு நிற்கிறது.

தரையைப் பிடித்த செல்களை முதன்முதலில் பார்த்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி ஊட்டேயிடம் ஓடிப்போய்ச் செய்தி சொன்னேன். முதிர்ந்துவிட்டன என்பதற்கு நான் போட்ட ஜெர்மன் சொல், செல்கள் பெரிய மனுஷி ஆகிவிட்டன என்று அர்த்தம் தந்திருக்கிறது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் ஊரில் அதற்குச் சடங்கு உண்டு, மாமன் சீர் உண்டு என்றேன். அன்று மாலை அவர் கேக் வாங்கி வந்துவிட்டார்.

தர்ஷினியின் நோய் வேறு வகை. அவளுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு அந்தச் செல்களை வளர்ப்பதில்லை, சாகடிக்கிறது. ஒரே குடும்பத்து மருந்து, இரண்டு இடத்தில் இரண்டு வேலை. இதைச் செல்வராணிக்கு விளக்கினேன். தர்ஷினிக்கு மட்டும் என் செல்களைக் கதையாகச் சொன்னேன்.

"அதுக எத்தனாங்கிளாஸ் அத்தை?"

"ஒண்ணாங்கிளாஸ்லயே உக்காந்திருக்குதுக. மேல போக மாட்டேங்குதுக."

"டீச்சர் அடிக்க மாட்டாகளா?"

"டீச்சரே நான்தான். அடிக்காம ஒரு சொட்டு மருந்து ஊத்துவேன்."

"நானும் ஒண்ணாங்கிளாஸ்தான். ஆனா நான் போகாம இல்ல, என்னைய விட மாட்டேங்காக" என்றாள்.

4

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை. இங்கே நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, பிள்ளைக்கு ஆத்தா வந்திருக்கு."

எங்கள் பக்கம் யாரும் அம்மை என்று நோயின் பெயரைச் சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்றால் வாசலில் வேப்பிலை ஏறிவிட்டது, வீட்டில் தாளிப்பு நின்றுவிட்டது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, உள்ளாள் வெளியே போகக்கூடாது என்று அர்த்தம். எனக்கும் சின்ன வயதில் வந்திருக்கிறது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்து எழுந்தவள்தான் நான். அதனால் தம்பி சொன்னதும் என் கேள்வி வேறாக இருந்தது.

"மாத்திரை குடுத்தீகளா?"

"செல்வராணி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டா. ஆத்தா வந்த உடம்புக்குள்ள மருந்து போகக்கூடாதாம்."

"ஸ்டீராய்டு?"

"அதையும்தான். பாதியில நிக்கிது."

சாதாரணப் பிள்ளைக்கு இந்த அம்மை தானாக இறங்கிவிடும். எதிர்ப்புச் சக்தி குறைந்து கிடக்கும் பிள்ளைக்கு அது நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகலாம், உயிரையும் எடுக்கலாம். அதற்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்து உண்டு, சீக்கிரம் ஏற்ற வேண்டும். ஸ்டீராய்டு வெளியிலிருந்தே வந்து பழகிய உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துபோயிருக்கும், திடீரென்று நிறுத்தினால் தாங்காது. நான் மதுரை டாக்டரைப் போனில் பிடித்தேன். அவர் ஒரே வரியில் முடித்தார். இன்றைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள்.

செல்வராணியைக் கூப்பிட்டேன். நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். எனக்கு நிதானம் குறைவு.

"பிளஸ் டூ படிச்சவதான நீ? பிள்ளையக் கொல்லப் போறியா?"

"மதினி, நீங்க அங்கன இருக்கீக. இங்கன ஆத்தா நடுவீட்டுல இருக்கா. நான் வீட்டைப் பூட்டிட்டுப் போனா அவளை விரட்டுன மாதிரி ஆகாதா? பிள்ளைக்கு நோவு வந்தன்னைக்கு நான் அவ காலைத்தான் பிடிச்சேன். அவதான் பிழைக்க வச்சா. இப்ப அவளே வந்திருக்கா, நான் மொகத்தைத் திருப்பிக்கிடவா?"

போனை வைத்துவிட்டாள். தம்பியைத் திட்டினேன். நீ தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதானே என்றேன்.

"அவளை மீறித் தூக்கிட்டுப் போயி ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, காலத்துக்கும் அவ மொகத்துல எப்படிக்கா முழிப்பேன்?" என்றான். உலகத்தில் நாலு பேருக்கு மட்டுமே தெரிந்த சங்கதியைக் கையில் வைத்துக்கொண்டு, சொந்தத் தம்பி வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போக முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

5

இவ்வளவும் நடந்தபோது என் மகள் நிலா எதிரே சோளப்பொரியைப் பாலில் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதிமூன்று வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். ஊர்ப் பேச்சு எடுத்தால் காதில் பாட்டுக்கருவியை மாட்டிக்கொள்வாள். போன தடவை திருத்தங்கல் போனபோது பாதி நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. இவள் நம்மைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று நானும் என் கணவரும் பேசி மனம் வெதும்பாத வாரம் கிடையாது.

"அத்தை ஏன் அவளைக் கூட்டிப்போக மாட்டேன் என்கிறாள்?" என்று கேட்டாள், ஜெர்மனில்தான்.

உனக்குப் புரியாது என்று எரிந்து விழுந்தேன். பிறகு, அவள் கேட்டதே பெரிது என்று தோன்றிச் சொன்னேன். சாமி வீட்டுக்கு வந்திருக்கிறது, விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று நினைக்கிறாள் என்றேன். நிலா என் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவளே கூப்பிட்டாள்.

"அத்தை, நான் நிலா."

இவ்வளவு நேரம் என்னிடம் இறுகிப்போயிருந்த குரல் அங்கே அப்படியே இளகியது. "நிலாக்குட்டியா? சாப்பிட்டியா தாயி?"

"சாப்பிட்டேன். அத்தை, சாமி உங்க வீட்டுக்கு வந்துச்சா, தர்ஷினிக்கு வந்துச்சா?"

"பிள்ளை மேலதான் தாயி வந்திருக்கு."

"அப்போ தர்ஷினி வண்டில போனா, சாமி வண்டில வராதா?"

அவள் கிண்டல் செய்யவில்லை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம் எதையும் நேராகக் கேட்கப் பழக்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் சாமி விஷயத்தில் விளையாடுகிறாள் என்று செல்வராணி கோபித்தால் மொத்தமும் போச்சு.

"வருவா" என்றாள் செல்வராணி. மறுபடியும் சொன்னாள். "பிள்ளை எங்கன போனாலும் கூடத்தான வருவா."

அதன்பிறகு அவள் போட்ட நிபந்தனைகளைக் கேட்க வேண்டுமே. வேப்பிலை இல்லாமல் வண்டியில் ஏற மாட்டாள். வண்டியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். செருப்பு போட்டவர்கள் வண்டியில் இருக்கக்கூடாது. வழியில் யார் வீட்டு வாசலிலும் நிற்கக்கூடாது. தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். காலண்டர் பேப்பர் ஏற்றி நின்ற வண்டி. முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னதும், "லோடை எறக்கிட்டு வண்டிய எடுத்துட்டுப் போலே. ஆர்டர் எங்கயும் ஓடிராது" என்றாராம். இரண்டு பக்க ஜன்னலிலும் கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டி, பிள்ளையை மடியில் படுக்கவைத்துக்கொண்டு செல்வராணி முன்சீட்டில் உட்கார்ந்தாள். தம்பி வெறுங்காலால் பிரேக்கை மிதித்து மதுரை வரை ஓட்டினான். டோல்கேட்டில் ரசீது போடுகிறவர் வேப்பிலையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். எழுந்து நின்று கும்பிட்டு, "போங்க தாயி" என்று தடுப்பைத் தூக்கிவிட்டாராம்.

அவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி வருமுன் எனக்குச் செல்களுக்குச் சாப்பாடு வைக்கும் நேரம் வந்துவிட்டது. நானும் வருகிறேன் என்றாள் நிலா. என் வேலையிடத்துக்கு அவளாக வந்தது அதுவே முதல் தடவை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல எதும்மா வளர்ந்தது?" என்றாள். தமிழில் கேட்டாள்.

"தட்டை மெதுவா ஆட்டிப் பாரு. ஓடாம நிக்கிது பாரு, அது" என்றேன்.

6

ஆஸ்பத்திரியில் தனி அறை கொடுத்தார்கள். வேப்பிலையைப் பார்த்த நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. "உள்ள வேணாம்மா, இலையில இருக்க கிருமி பிள்ளைக்குத் தொத்திக்கிரும். வாசக்கதவுக்கு வெளியில கட்டிக்கோங்க. ஆத்தா அங்கன காவல் இருக்கட்டும்" என்றார். அது செல்வராணிக்குப் பிடித்துப்போயிற்று. உடனே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஸ்டீராய்டை அளவு மாற்றிக் கொடுத்தார்கள். முதல் சில நாட்கள் மூச்சு வேகமாக வாங்கியது. இங்கே நான் போனைக் கையில் வைத்தபடியே சமைத்தேன், அதை வைத்தபடியே ரயிலில் போனேன். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

பிறகு கொப்புளங்கள் காயத் தொடங்கின. செல்வராணியே கூப்பிட்டாள்.

"மதினி, டாக்டர் என்ன சொன்னாக தெரியுமா? ஆத்தா இறங்குற வரைக்கும் புத்துநோய் மாத்திரைய அவுகளே நிப்பாட்டி வைப்பாகளாம். ஸ்டீராய்டத்தான் நிப்பாட்டியிருக்கக் கூடாதாம். நான் செஞ்சதுல பாதி சரின்னு அவுகளே சொல்லிட்டாக."

"மீதிப் பாதி?"

"அதுக்குத்தான் நிலாக்குட்டி இருக்கால்ல" என்றாள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்து வெகுநாளாகியிருந்தது. அவளைத் திட்டியதற்கு நான் வருத்தம் சொல்ல வாயெடுத்தேன். "பிள்ளைக்காகத்தான மதினி பேசுனீக, விடுங்க" என்று என்னை முடிக்க விடவில்லை.

டாக்டர் சரி என்று சொன்ன நாளில் வேப்பிலை போட்ட தண்ணீரைப் பிள்ளை தலைக்கு ஊற்றினார்கள். மாத்திரைகள் மறுபடி தொடங்கின. ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் தர்ஷினி போய்ச் சேர்ந்தாள். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடியில் செல்வராணி நேர்த்திக்கடன் செலுத்தினாள். கூட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அவள் மட்டும் தனியாகப் போய்வந்தாள். நாங்கள் யாரும் அவளுக்கு அதை மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தத் திருநீறும் வேப்பிலையும்தான் சுங்க அதிகாரியின் மேசையில் கிடந்தன. மருந்தா என்று கேட்ட மனிதர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இல்லை" என்றேன். "எங்கள் வீட்டுப் பிள்ளை பிழைத்தாள். அதற்கு அவள் அம்மா சொல்லும் நன்றி."

அவர் எதையோ எழுதினார். வெளிநாட்டு இலைக்கு அனுமதி கிடையாது என்று வேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார், மன்னிக்கவும் என்று சொல்லித்தான் எடுத்தார். திருநீற்றையும் காராச்சேவையும் என்னிடமே தந்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நிலா காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, கேட்காமலே திருத்தங்கலுக்கு வீடியோ அழைப்பு போட்டாள்.

திரையில் தர்ஷினி வந்தாள். தலையில் முடி அரை விரல் நீளத்துக்கு முளைத்து, முள்ளாக நின்றது. யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை.

"அத்தை, ஒங்க செல்லுக இப்ப எத்தனாங்கிளாஸ்?"

"ஒண்ணாங்கிளாஸ் பாஸாயிருச்சுக. எல்லாம் இல்ல, கொஞ்சம்தான்."

"நானும் பாஸு. ரெண்டாங்கிளாஸ், பி செக்ஷன்." திரையை மூக்கு முட்டும் அளவுக்கு நெருங்கி வந்தாள். "பாஸாகாததுக்கு இன்னொரு சொட்டு ஊத்துங்க. அடிச்சிராதீக."